தெரிஞ்ச ரோடுதானே

கடலூரில் பண்ருட்டி பஸ் ஏறுகிறவர்கள் யாரும் சாலையைப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய தேவை இல்லை. செம்மண்டலம், கோண்டூர், வரக்கால்பட்டு, நெல்லிக்குப்பம், மேல்பட்டாம்பாக்கம், திருவதிகை என்று கண்டக்டர் குரல் கொடுப்பதற்கு முன்பே இறங்க வேண்டியவரின் உடம்பு எழுந்துவிடுகிறது. எங்கே குலுங்கும், எங்கே நின்றுகொண்டிருப்பவர்கள் கம்பியை இறுக்கிப் பிடிப்பார்கள் என்பதெல்லாம் கண் மூடியிருந்தாலும் தெரியும். தெற்கே கெடிலம், வடக்கே தென்பெண்ணை. இரண்டு ஆற்றுக்கும் நடுவில், ரயில் பாதையோடு ஒட்டியும் விலகியும் ஓடுகிற இந்த 25 கிலோமீட்டர் சொச்சம், கடலூர் - சித்தூர் மாநில நெடுஞ்சாலையின் முதல் துண்டு. திருக்கோவிலூர், திருவண்ணாமலை, வேலூர் என்று நீண்டு ஆந்திரத்துக்குள் போகிற சாலை இது என்று வரைபடம் காட்டும். நெல்லிக்குப்பத்துக்காரருக்கு இது ஒரு பக்கம் கடலூர் ரோடு, மறுபக்கம் பண்ருட்டி ரோடு. அவ்வளவுதான்.

2023 ஜூன் 19ஆம் தேதி இதே சாலையில், மேல்பட்டாம்பாக்கத்தில், இரண்டு தனியார் பஸ்கள் நேருக்கு நேர் மோதின. ஒன்றின் முன்சக்கர டயர் வெடித்து, வண்டி ஓட்டுநரின் கையை மீறி எதிர்ப்பக்கம் பாய்ந்தது. அன்றைக்கே நான்கு பேர் இறந்தார்கள். காயம்பட்டவர்கள் எழுபதுக்கும் மேல். முதலமைச்சரின் நிவாரண அறிவிப்பு வந்தது. அதன் பிறகு ஊரில் யாரைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: டயர் வெடிச்சிடுச்சு.

உண்மைதான், வெடித்தது. ஆனால் டயர் எந்தச் சாலையிலும் வெடிக்கும். இருவழிச் சாலை ஒன்றின் தார்ப்பரப்புக்கு இந்தியச் சாலைகள் பேரவை வகுத்திருக்கும் அகலம் 7 மீட்டர். ஒரு பஸ்ஸின் அகலம் இரண்டரை மீட்டருக்கும் கொஞ்சம் மேலே. இரண்டு பஸ்கள் எதிரெதிராகக் கடக்கும்போது மிஞ்சுவது இரண்டு மீட்டர்கூட இல்லை. அதை இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் முழங்கை அளவு கொஞ்சம் தாண்டும். அந்த இடைவெளியை நம்பித்தான், தலா அறுபது எழுபது பேரை ஏற்றிக்கொண்டு, 'டைம்' பிடிக்க வேண்டிய அவசரத்தில் இரண்டு ஓட்டுநர்கள் ஒரு நாளைக்குப் பல தடவை ஒருவரையொருவர் கடக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் எதுவும் நடக்காததுதான் வியப்பு. அந்த வியப்பைத்தான் நாம் பழக்கம் என்று சொல்லிக்கொள்கிறோம்.

*

'பிளாக் ஸ்பாட்' என்பதைத் தமிழில் கரும்புள்ளி என்று எழுதுகிறவர்கள் உண்டு. செய்தித்தாள்கள் பெரும்பாலும் 'விபத்துப் பகுதி' என்று முடித்துக்கொள்ளும். எனக்குக் கரும்புள்ளியே பிடித்திருக்கிறது. குற்றம் செய்தவனுக்குக் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதைமேல் ஏற்றி ஊர்வலம் விட்ட சமூகம் நம்முடையது. அந்தச் சொல்லுக்குள் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது: புள்ளி குத்தப்பட வேண்டிய முகம் யாருடையது? (கரும்பு விளையும் ஊரில் இருந்துகொண்டு இதை எழுதினால் அவசரமாகப் படிக்கிறவர் 'கரும்புப் புள்ளி' என்றும் படிக்கக்கூடும். அதுவும் முழுத் தப்பில்லை, பின்னால் வருகிறேன்.)

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2015 அக்டோபரில் தேசிய நெடுஞ்சாலைகளுக்காக ஒரு வரையறையைச் செய்தது. சுமார் 500 மீட்டர் நீளத் துண்டு ஒன்றில், கடந்த மூன்று ஆண்டுகளில், உயிரிழப்போ கொடுங்காயமோ நேர்ந்த விபத்துகள் ஐந்து நடந்திருக்க வேண்டும். அல்லது பத்துப் பேர் இறந்திருக்க வேண்டும். அப்போதுதான் அது கரும்புள்ளி. இந்த வரையறையைப் படிக்கும்போது முதலில் தோன்றுவது, தகுதி பெறுவதற்கு ஒரு சாலை எத்தனை பேரைக் கொல்ல வேண்டியிருக்கிறது என்பது. அந்த எரிச்சலை ஒதுக்கிவிட்டு நிதானமாக யோசித்தாலும் இதில் ஒரு கணக்குச் சிக்கல் இருக்கிறது.

ஒரே மாதிரியான நூறு இடங்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் நீண்ட காலச் சராசரி மூன்றாண்டுக்கு இரண்டு பெரிய விபத்துகள் என்று வைத்துக்கொள்வோம். விபத்து தாயக்கட்டைபோல விழுவது. ஒரு மூன்றாண்டில் சுழி, இன்னொன்றில் நான்கு, எப்போதாவது ஆறு. நிகழ்தகவுக் கணக்குப்படி இந்த நூறு இடங்களில் ஏறக்குறைய ஐந்து இடங்கள், மற்ற 95ஐ விட எந்த விதத்திலும் மோசமாக இல்லாதபோதும், தற்செயலாகவே ஐந்து விபத்து என்ற கோட்டைத் தொட்டுவிடும். மறுபக்கத்தையும் பார்க்கலாம். உண்மையிலேயே ஆபத்தான, சராசரி மூன்றாண்டுக்கு ஐந்து விபத்து நடக்கிற நூறு இடங்கள் இருந்தால், அவற்றில் 44 இடங்கள் ஒரு குறிப்பிட்ட மூன்றாண்டில் கோட்டுக்குக் கீழேயே இருந்துவிடும். புள்ளி குத்தப்பட்டவை எல்லாம் குற்றவாளிகள் இல்லை. தப்பித்தவை எல்லாம் நிரபராதிகளும் இல்லை.

இதன் விளைவு வேடிக்கையானது. தற்செயலாகக் கோட்டைத் தாண்டிய அந்த ஐந்து இடங்களுக்கும் அதிகாரிகள் வருகிறார்கள். மஞ்சள் பட்டை அடிக்கிறார்கள், இரும்புத் தடுப்பு வைக்கிறார்கள், 'விபத்துப் பகுதி, மெதுவாகச் செல்லவும்' பலகை நடுகிறார்கள். அடுத்த மூன்றாண்டில் விபத்து குறைகிறது. குறையத்தான் செய்யும். எதுவுமே செய்யாமல் விட்டிருந்தாலும் தன் பழைய சராசரியான இரண்டுக்கே அது திரும்பியிருக்கும். உயரமான தந்தைமாரின் பிள்ளைகள் சராசரியை நோக்கித் திரும்புவதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபிரான்சிஸ் கால்ட்டன் கவனித்தாரே, அதே சங்கதிதான். சாலைப் பாதுகாப்பில் இந்தப் பொறியைப் பற்றி மிகுதியாக எச்சரித்தவர் டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் எஸ்ரா ஹவர். 1997இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார்.

நம் ஊர் வழக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே இடத்தில் அடுத்தடுத்து இரண்டு மூன்று உயிர் போய்விட்டால், "அந்த இடம் காவு கேக்குது" என்பார்கள். அமாவாசையன்று பூசணிக்காய் உடைத்துக் குங்குமம் தடவுவார்கள். எலுமிச்சம்பழம், கற்பூரம், சில இடங்களில் சின்னதாக ஒரு முனீஸ்வரன் கல். அதற்கப்புறம் விபத்து குறையும். உண்மையிலேயே குறையும்! பூசணிக்காய் வேலை செய்ததற்கான சான்றும் மஞ்சள் பட்டை வேலை செய்ததற்கான சான்றும், பல சமயங்களில், ஒரே தரத்தவை. பூசணிக்காயைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு விதத்தில் காவு கேட்கும் இடம் என்கிற நம்பிக்கை, அதிகாரபூர்வமான பேச்சைவிட ஒரு படி மேலே நிற்கிறது. அது ஓட்டியவனைக் குற்றம் சொல்லவில்லை, இடத்தைச் சொல்கிறது.

*

காவல் நிலையம் இடத்தைச் சொல்வதில்லை. இந்திய தண்டனைச் சட்டம் இருந்தவரை 279, 337, 338, 304-அ. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 281, 125, 106. எண் மாறியது, கதை மாறவில்லை. 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து' என்ற தொடர் இல்லாமல் ஒரு விபத்து வழக்கு எழுதப்படுவது அரிது. மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் காப்பீட்டுப் பணம் கிடைக்கவும் யாரோ ஒருவரின் அஜாக்கிரதை வேண்டியிருக்கிறது. எனவே எல்லோருக்கும் வசதியான தொடர் அது. அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டறிக்கையில் இறந்தவர்களில் 71.2 சதவீதம் பேர் அதிவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறார்கள். அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: விபத்துகளில் 67 சதவீதம் நேரான சாலையில் நடந்தவை. வளைவு, பள்ளம், செங்குத்துச் சரிவு எல்லாம் சேர்ந்தும் 13.8 சதவீதம்தான். இதைப் பார்த்துச் சாலை நன்றாகத்தான் இருக்கிறது, மனிதர்கள்தான் சரியில்லை என்று முடிவுக்கு வருகிறவர்கள் நிறைய.

எனக்கு அந்த எண் வேறு ஒன்றைச் சொல்கிறது. நேரான சாலை ஓட்டுகிறவரிடம் 'போ' என்கிறது. ஊர் தொடங்குகிற இடத்தில் சாலை குறுகுவதில்லை, நிறம் மாறுவதில்லை, எதுவும் மாறுவதில்லை. ஒரு பெயர்ப்பலகை மட்டும் வருகிறது. வயல்வெளியில் 70இல் வந்தவர் அதே 70இல் பள்ளிக்கூட வாசலைக் கடக்கிறார். பார்த்து, புரிந்து, பிரேக் பிடித்து நிற்பதற்குப் பொறியாளர்கள் ஒதுக்கும் தூரம் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் 45 மீட்டர், 60இல் 80 மீட்டர், 80இல் 120 மீட்டர். வேகம் இரட்டிப்பானால் தூரம் ஏறக்குறைய மூன்று மடங்கு. காரின் முன்பகுதி மோதும் பாதசாரி இறப்பதற்கான வாய்ப்பு, வேகம் 50இலிருந்து 65க்கு ஏறும்போது நாலரை மடங்காகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெறும் பதினைந்து கிலோமீட்டர் வித்தியாசம். ஸ்பீடாமீட்டரே வேலை செய்யாத வண்டிக்காரருக்கு அது தெரியவே தெரியாது.

2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்துக்குள் 198-அ என்று ஒரு பிரிவு வந்தது. சாலையை வடிவமைத்தவர், கட்டியவர், பராமரிப்பவர் ஆகியோர் பாதுகாப்புத் தரத்தைக் கடைப்பிடிக்காததால் மரணமோ ஊனமோ ஏற்பட்டால், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஒரு உயிருக்கு ஒரு லட்சம் என்பதைவிட, சாலையும் குற்றவாளிக் கூண்டில் ஏறலாம் என்று சட்டம் முதல்முறையாக ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். ஆனால் வழக்கு எழுதுகிறவர் அந்தப் பிரிவை நினைவில் வைத்திருக்க வேண்டும். அதற்குச் சாலையின் குறை ஆவணத்தில் இருக்க வேண்டும்.

ஆவணம் என்பது இங்கே தனிக் கதை. நெல்லிக்குப்பம் பக்கத்தில் அடிபட்டவரை முதலில் கடலூர் அல்லது பண்ருட்டி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள். தலையில் அடி என்றால் அங்கிருந்து "ஜிப்மருக்கு அனுப்பிட்டாங்க" என்பது இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் கேட்ட வாக்கியம். ஜிப்மர் இருப்பது புதுச்சேரியில், வேறொரு ஆட்சிப் பகுதியில். பத்து நாள் கழித்து அவர் அங்கே இறந்தால் அந்தத் தகவல் எல்லை தாண்டித் திரும்பி வந்து, காய வழக்கு மரண வழக்காகப் பிரிவு மாற்றப்பட வேண்டும். முப்பது நாளுக்குள் இறந்தால் விபத்து மரணம் என்பது கணக்கு. அந்தக் காகிதம் வழியில் தங்கிவிட்டால், சாலையின் கணக்கில் ஒரு உயிர் குறைந்துவிடும்.

இடத்தைக் குறிப்பதிலும் இதே தொல்லை. 'பெட்ரோல் பங்க் எதிரில்', 'பாலத்துக்குச் சற்று முன்பு' என்று எழுதப்பட்ட வழக்குகளை வைத்துக்கொண்டு 500 மீட்டர் துண்டு எங்கே தொடங்குகிறது என்று எப்படிச் சொல்வது? தமிழ்நாட்டுக் காவல்துறை 2009வாக்கில் விபத்துத் தரவு மேலாண்மைக்கென்று ஒரு கணினி முறையைக் கொண்டுவந்ததில், இந்தியாவில் முன்னோடிகளில் ஒன்றாக இருந்தது. அதற்குப் பிறகு சென்னை ஐஐடி உருவாக்கி, தேசியத் தகவல் மையம் நடைமுறைப்படுத்திய ஒருங்கிணைந்த தரவுத்தளம் வந்தது. 2021இல் முதலில் தொடங்கிய ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. இப்போது காவலர் தன் செல்போனோடு அந்த இடத்தில் நின்றால் அட்சரேகை தீர்க்கரேகை தானாகப் பதிவாகும். அங்கே போய் நிற்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

*

இனி கரும்பு.

நெல்லிக்குப்பத்துக்குச் சர்க்கரை ஆலை வந்தது 1842இல். பாரி நிறுவனத்துடையது, நாட்டின் மிகப் பழைய ஆலைகளில் ஒன்று. ஆலைக்குக் கரும்பு போகிற அதே சாலையில்தான் இன்று பல்சர் பைக்கும் தனியார் பஸ்ஸும் ஓடுகின்றன. அரவைப் பருவம் தொடங்கிவிட்டால் சுற்றுவட்டாரத்துக் கரும்பெல்லாம் டிராக்டரிலும் லாரியிலும் இந்தச் சாலையைத்தான் பிடிக்க வேண்டும். பெட்டிக்கு வெளியே இரண்டு பக்கமும், பின்னாலும் கரும்பு நீட்டிக்கொண்டிருக்கும். டிரெய்லரின் பின்விளக்கு ஒன்று எரிந்தால் பெரிய விஷயம். அது எரிந்தாலும் தொங்கும் தோகை அதை மூடியிருக்கும்.

கார்த்திகை மார்கழிப் பனியில், இரவு எட்டு மணிக்கு, 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு இருசக்கர வாகனம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரே பஸ் வருவதால் 'டிம்' போட்டிருக்கிறார். அந்தத் தாழ்ந்த வெளிச்சம் 40 மீட்டர் எட்டும் என்றே தாராளமாகக் கொள்வோம். ஓரத்தில் நிற்கும் டிரெய்லர் அவர் கண்ணில் படுவதற்கும் அவர் அதை அடைவதற்கும் நடுவே இருப்பது 2.4 விநாடி. ஒரு தடையைப் பார்த்து, இன்னதென்று உணர்ந்து, பிரேக்கில் கை வைக்க மட்டுமே இந்தியச் சாலைத் தரங்கள் ஒதுக்கும் நேரம் 2.5 விநாடி. பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்கு முன்பே நேரம் தீர்ந்துவிடுகிறது. பிறகு வழக்கில் எழுதப்படும், அதிவேகம், அஜாக்கிரதை.

ஆண்டுதோறும் பருவம் தொடங்கும்போது காவல்துறையும் போக்குவரத்துத் துறையும் டிராக்டர்களுக்கு ஒளிரும் பட்டை ஒட்டுகிற நிகழ்ச்சிகள் நடக்கின்றன. நல்ல வேலை, சில ரூபாய் செலவில் இதைவிட அதிக உயிரைக் காப்பாற்றும் பொருள் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் கவனியுங்கள்: நகர்ந்துகொண்டே இருக்கிற இந்த ஆபத்தை எந்த 500 மீட்டர் துண்டுக்குள் அடைப்பது? இன்று வாழப்பட்டில், நாளை வரக்கால்பட்டில், அடுத்த வாரம் வயலிலிருந்து சாலைக்கு ஏறும் ஏதோ ஒரு சரிவில். ஒவ்வொரு இடத்திலும் ஒருவர். எந்த இடமும் ஐந்தைத் தொடாது. சாலை முழுக்கத் தூவியது போன்ற மரணம் இது. வரைபடத்தில் இது புள்ளியாக விழாது, கோடாக விழும். கரும்புள்ளி தேடுகிற கண்ணுக்குக் கருங்கோடு தெரிவதில்லை.

இந்தக் கோடுகளில்தான் பெரும்பகுதி மரணம் இருக்கிறது என்பதற்கு நாட்டுக் கணக்கே சான்று. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தேசிய நெடுஞ்சாலைகளில் 36.2 சதவீதம், மாநில நெடுஞ்சாலைகளில் 24.3, மற்ற சாலைகளில் 39.4. கரும்புள்ளி வரையறை எதற்காக எழுதப்பட்டதோ அந்தச் சாலைகளுக்கு வெளியேதான் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் செத்திருக்கிறார்கள். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள், நாட்டிலேயே முதலிடம். மரணம் 17,884, உத்தரப்பிரதேசத்துக்கு அடுத்து. நாடு முழுதும் இறந்தவர்களில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள், 19.5 சதவீதம் நடந்து போனவர்கள். நெல்லிக்குப்பம் கடைத்தெருவில் பத்து நிமிடம் நின்றால் கண்ணில் படுகிறவர்களும் பெரும்பாலும் இவர்களேதான்.

*

சிதம்பரம் பக்கம் நிலைமை வேறு மாதிரி. கடலூர் முதுநகரைத் தாண்டி, சிப்காட், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று போகிற பழைய சாலைக்கு இணையாக, விழுப்புரம் - நாகப்பட்டினம் நான்குவழிச் சாலை வந்திருக்கிறது. நடுவில் தடுப்பு இருப்பதால் மேல்பட்டாம்பாக்கத்தில் நடந்ததுபோல நேருக்கு நேர் மோதல் குறைய வேண்டும். ஆனாலும் 2024 செப்டம்பரில் பி.முட்லூர் பக்கம் அந்தப் புதிய சாலையில் காரும் லாரியும் மோதி ஒரே குடும்பத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். வேகத்துக்காகக் கட்டப்பட்ட சாலையில், தவறு நடந்தால் அதன் விலை அதிகம். சுவீடன் நாடாளுமன்றம் 1997இல் 'சுழிய இலக்கு' என்ற கொள்கையை ஏற்றபோது அதன் அடிப்படை வாக்கியம் ஏறக்குறைய இதுதான்: மனிதர் தவறு செய்வார், அந்தத் தவறுக்கு மரணம் தண்டனையாகாதபடி சாலை இருக்க வேண்டும்.

செம்மங்குப்பத்தை நினைக்காமல் இதை எழுத முடியவில்லை. 2025 ஜூலை 8ஆம் தேதி காலை, கடலூருக்கும் ஆலப்பாக்கத்துக்கும் நடுவே அந்த ரயில்வே கேட்டில், பள்ளி வேன்மீது விழுப்புரம் - மயிலாடுதுறை பாசஞ்சர் மோதியது. மூன்று மாணவர்கள் இறந்தார்கள். முதலில் வேன் ஓட்டுநரின் பெயர் அடிபட்டது. பிறகு கேட் கீப்பர். அவர் பணியிடை நீக்கம், கைது. இரண்டு நாளுக்குள் ஊர் முழுக்க ஒரு முகம் கிடைத்துவிட்டது, கரும்புள்ளி குத்த.

அந்தக் கேட் இயங்கிய விதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது சிக்னலோடு பிணைக்கப்படாத கேட். பிணைக்கப்பட்ட கேட்டில், கதவு மூடித் தாழ் விழுந்தால்தான் ரயிலுக்குப் பச்சை விழும். கீப்பர் தூங்கிப்போனால் ரயில் வெளியே நிற்குமே தவிர யாரும் சாகமாட்டார்கள். பிணைக்கப்படாத கேட்டில் ஸ்டேஷன் மாஸ்டர் தொலைபேசியில் கேட்பார். கீப்பர் மூடிவிட்டேன் என்பதற்கு அடையாளமாக ஒரு ரகசிய எண்ணைச் சொல்வார். அந்தச் சொல்லை நம்பி ரயில் விடப்படும். கதவுக்கும் சிக்னலுக்கும் நடுவே இருந்தது ஒரு மனிதரின் வாய்ச்சொல். அகலப் பாதைகளில் ஆளில்லாத கேட்களை ஒழித்துவிட்டோம் என்று ரயில்வே 2019 தொடக்கத்திலேயே அறிவித்தது. ஆள் இருந்தார், ஆளை மட்டுமே நம்பிய ஏற்பாடும் இருந்தது. அன்றைக்கு முன்பு எத்தனை நாள் அந்தக் கேட் தாமதமாக மூடப்பட்டது என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்கலாம். யாரும் அவர்களைக் கேட்டு எழுதி வைக்கும் வழக்கம் இல்லை.

குடியைப் பற்றிச் சுருக்கமாக. தென்பெண்ணைக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் புதுச்சேரியின் பாகூர்ப் பகுதி. சரக்கு விலை குறைவு. மாலையில் போய் இரவில் திரும்புகிறவர்கள் இந்தச் சாலைகளில் புதிதில்லை. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தது தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில்தான். தொடுத்தவர் வழக்கறிஞர் கே. பாலு. கடைகள் சாலையை விட்டு ஊருக்குள் நகர்ந்தன. பெண்கள் மறியல் செய்தார்கள். சண்டிகர் போன்ற இடங்களில் நெடுஞ்சாலையின் வகைப்பெயரையே மாற்றிக் கடையைக் காப்பாற்றினார்கள். 2017 ஜூலையில் நகராட்சி எல்லைகளுக்கு அந்தத் தடை பொருந்தாது என்று விளக்கமும் வந்தது. சாலை அப்படியே இருக்க, பெயர் மட்டும் மாறினால் போதும் என்பதைக் காட்டிய அத்தியாயம் அது.

*

சாவுக்காகக் காத்திராமல் ஆபத்தை அளக்க வழி உண்டா? உண்டு, ஐம்பது ஆண்டுக்கும் மேல் பழையது. 1960களின் இறுதியில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்கள் சாலைச் சந்திப்புகளில் உட்கார்ந்து, மோதல்களை அல்ல, மயிரிழையில் தப்பியவற்றை எண்ணத் தொடங்கினார்கள். திடீர்ப் பிரேக், சட்டென்று ஒடித்த ஹேண்டில், பின்வாங்கிய பாதசாரி. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டர் ஹைடன் அதை முறைப்படியான நுட்பமாக வளர்த்தார். மூன்றாண்டில் ஐந்து விபத்து நடக்கிற இடத்தில், ஒரே நாளில் பல முறை விபத்து நடக்காமல் போகிறது. அதை எண்ணினால் தாயக்கட்டைத் தற்செயல் பெருமளவு அடங்கிவிடும்.

இந்த எண்ணிக்கை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, காகிதத்தில்தான் இல்லை. பஸ் நிறுத்தத்து டீக்கடைக்காரர், பூக்காரம்மா, பஞ்சர் கடைப் பையன், ஆட்டோ ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பவர்கள். காலையிலிருந்து இரவு வரை ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இவர்கள். எந்த ஸ்கூல் பஸ் எந்தப் பக்கம் பிள்ளைகளை இறக்குகிறது, எந்த நேரத்தில் வெயில் கண்ணில் அடித்து வளைவில் வருகிறது தெரியாது, மழை பெய்தால் எந்த இடத்தில் ஓரம் தாழ்ந்து தார் விளிம்பு ஒரு சாண் உயர்ந்து நிற்கிறது என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வார்கள். சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. காவல், நெடுஞ்சாலை, போக்குவரத்துத் துறைகள் உட்காருகின்றன. சாலைப் பாதுகாப்புத் தணிக்கைக்கென்று கையேடும் இருக்கிறது. அந்த மேசையில் பூக்காரம்மாவுக்கு நாற்காலி இல்லை.

அவருக்கு இருக்கிற வழி மறியல்தான். ஒரு உயிர் போனதும் உறவினர்கள் சாலையில் உட்காருவார்கள், டிஎஸ்பி வருவார், பேச்சுவார்த்தை நடக்கும், வேகத்தடை போடுகிறோம் என்று உறுதி தருவார்கள். சில நாளில் போட்டும்விடுவார்கள். தரப்படி வேகத்தடை என்பது 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மெல்லிய வளைவு. வர்ணமும் முன்னறிவிப்புப் பலகையும் வேண்டும். கோபத்தைத் தணிக்க அவசரமாகப் போடுவது பெரும்பாலும் குறுகலாக, செங்குத்தாக, வர்ணமில்லாமல் இருக்கும். பின்னால் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்திருக்கும் பெண்ணை அது தூக்கி எறியும். ஒரு மரணத்துக்கு ஈடாகக் கிடைத்த மேடு அடுத்ததற்குக் காரணமாகும்.

உள்ளூர்க்காரருக்கு மேடு எங்கே என்று தெரியும் என்று பதில் வரும். இங்கேதான் எனக்குச் சந்தேகம். தெரிந்த சாலையில்தான் நாம் தலைக்கவசத்தைப் பெட்ரோல் டாங்க்மேல் வைக்கிறோம். உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு 2015 ஜூலையில் தலைக்கவசம் கட்டாயமான பிறகும், "தோ, கடைத்தெரு வரைக்கும்தானே" என்பதற்கு விலக்கு உண்டு என்றே நம்புகிறோம். தெரிந்த சாலையில்தான் எதிர்த்திசையில் நூறு மீட்டர் போய்த் திரும்பும் குறுக்குவழியும், தண்டவாளம் தாண்டும் ஒற்றையடிப் பாதையும் நமக்கு உண்டு. புதுச் சாலையில் கண்ணால் ஓட்டுகிறோம். பழகிய சாலையில் நினைவால் ஓட்டுகிறோம்.

நடுவழியில் லாரி பழுதாகி நின்றால் கிளீனர் இறங்கி, பக்கத்து வேப்பமரத்திலோ கருவேலஞ்செடியிலோ ஒரு கொத்து ஒடித்து வண்டியின் பின்னால் செருகுவார். பெரிய பெரிய கற்களைப் பொறுக்கி, பத்தடி இருபதடிக்குச் சாலையில் வரிசையாக வைப்பார். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத, ஆனால் எல்லோருக்கும் விளங்குகிற எச்சரிக்கை. மெக்கானிக் வந்து சரிசெய்ததும் லாரி கிளம்பிவிடும். இலைக்கொத்து காற்றில் போய்விடும். கற்கள் கிடக்கும். மாலை வெளிச்சம் இருக்கும் வரை வருகிறவர்கள் ஒதுங்கிப் போவார்கள். இரவு பத்து மணிக்குப் பண்ருட்டியில் கடையைச் சாத்திவிட்டு, இருபது வருஷமாகப் போய்வருகிற சாலையில், நெல்லிக்குப்பத்துக்கு ஒருவர் வண்டியில் திரும்பிக்கொண்டிருப்பார். காலையில் அவர் போனபோது அந்தக் கல் அங்கே இல்லை.